சீட்டில் கோடி கோடியாக ஜெயித்தவர் லாட்ஜில் பிணம்! கையில் மிஞ்சியது 800 டாலர்

தேனி,-

சீட்டாட்டத்தில் உலகத்தையே ஜெயித்த ஒருவர், ஒரு சாதாரண லாட்ஜ் அறையில் பிணமாகக் கிடந்தார். அவரிடம் இருந்த பணம் சுமார் 800 டாலர்தான்.

அவர் பெயர் ஸ்டூ அங்கர். அமெரிக்காக்காரர். வயது 45. ரம்மியில் அவரை அடிக்க ஆளே பிறக்கவில்லை என்பார்கள். "போக்கர்" என்ற சீட்டாட்டத்தில் 3 தடவை உலக சாம்பியன்.

1998-ல் அமெரிக்காவில் நடந்த சாவுக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

மோட்டார் ரூம்

சின்னமனூர் வெற்றிலைக் கொடிக்கால், உத்தமபாளையம் வயக்காட்டு மோட்டார் ரூம், கம்பம் திராட்சைத் தோட்டம், போடி மலையடிவாரத்து மாந்தோப்பு என்று சீட்டுக்கட்டு கலைக்காத இடம் இந்தப் பக்கம் குறைவு.

"பணம் வைத்து சீட்டாடிய 7 பேர் கைது. சீட்டுக்கட்டும் பணமும் பறிமுதல்". இந்தச் செய்தியை எத்தனை தடவை எழுதினேன் என்று எனக்கே கணக்கு இல்லை. ஊர் பெயரும் தலைக்கணக்கும்தான் மாறும்.

பிடிபட்டவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் வருகிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "கோர்ட்டே சொல்லிருச்சுண்ணே, ரம்மி திறமை ஆட்டம்னு. திறமைக்கு எதுக்குண்ணே கேசு?"

இளவட்டங்கள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். "பெங்களூர்க்காரர் ஒருத்தர் போக்கர்ல 45 கோடி அடிச்சிருக்காரு. அது ஒரு தொழில்ண்ணே" என்கிறார்கள்.

இரண்டும் பொய் இல்லை. ஆனால் இரண்டிலும் பாதிக் கதை விடுபட்டுப் போகிறது. அந்த மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள அங்கரை விடப் பொருத்தமான ஆள் கிடையாது. ஏனென்றால் சீட்டுத் திறமையில் அவருக்கு மேல் ஒருவரைக் காட்டுவது கடினம்.

அவருடைய கதை வருமாறு:-

பள்ளிக்கூடம் போச்சு

ஸ்டூ அங்கர் 1953-ம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்தார். அப்பா மதுக்கடை நடத்தியவர். கூடவே பந்தயப் பணம் பிடிக்கும் தொழிலும் செய்தார். அதனால் பையன் கண் திறந்ததே பந்தயத்துக்கு நடுவில்தான்.

அப்பா மாரடைப்பில் இறந்தபோது அங்கர் சின்னப் பையன். பள்ளிக்கூடத்தை விட்டார். அம்மாவையும் சகோதரியையும் காப்பாற்ற அவர் எடுத்த தொழில் சீட்டு.

அவர் ஆடியது "ஜின் ரம்மி". நாம் 13 சீட்டு போட்டு நாலைந்து பேர் உட்காருவோம். அதில் ஆளுக்கு 10 சீட்டு. ஆடுவது 2 பேர் மட்டும். எதிராளி எதை எடுக்கிறான், எதைக் கழிக்கிறான் என்று சில நிமிடம் பார்த்தாலே போதும். அவன் கையில் உள்ள சீட்டை அங்கர் மனசுக்குள் படித்துவிடுவார்.

பெரிய பெரிய ரம்மிப் புலிகளை எல்லாம் வரிசையாக மண்ணைக் கவ்வ வைத்தார். விளைவு என்ன? அவரோடு உட்கார ஆள் வரவில்லை. "கட்டில் கடைசிச் சீட்டை முன்கூட்டியே பார்த்துக்கோ" என்று எதிராளிக்குச் சலுகை கொடுத்துக் கூப்பிட்டும் பயந்து ஓடினார்கள்.

நன்றாக ஆடியதாலேயே பிழைப்பு போனது. அதனால்தான் அவர் லாஸ் வேகாஸ் நகரத்துக்கு வந்து போக்கரில் இறங்கினார்.

லட்சம் டாலர் பந்தயம்

ஞாபகசக்தி என்றால் அப்படி ஒரு ஞாபகசக்தி. லாஸ் வேகாசில் பாப் ஸ்டூபாக் என்ற சூதாட்ட விடுதி முதலாளி இருந்தார். 1977-ல் இவர் அங்கரிடம் ஒரு லட்சம் டாலர் பந்தயம் கட்டினார்.

பல கட்டு சீட்டுகளை ஒன்றாகக் கலக்கி, ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டுவார்கள். கடைசியாக மிஞ்சும் ஒரே சீட்டு எது என்று அங்கர் சொல்ல வேண்டும்.

சொன்னார். ஸ்டூபாக் லட்சம் டாலரை எண்ணி வைத்தார்.

இந்த ஸ்டூபாக் பெயரை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளவும். கதையில் மறுபடியும் வருவார்.

2 சீட்டு, 5 சீட்டு

போக்கர் தெரியாதவர்களுக்கு இரண்டே வரி. ஆளுக்கு 2 சீட்டு மறைத்துப் போடுவார்கள். பிறகு மேஜை நடுவில் 5 சீட்டு திறந்து விழும்: முதலில் 3, அப்புறம் 1, அப்புறம் 1. இந்த ஏழில் நல்ல 5 சீட்டு யாருக்குச் சேர்கிறதோ அவருக்கே பணம். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயத்தை ஏற்றலாம். பயந்தவன் சீட்டை மடக்கிவிடலாம். கையில் ஒன்றுமே இல்லாமல் ஏற்றி, எதிராளியைப் பயமுறுத்தியும் ஜெயிக்கலாம். அங்கர் அதில் மன்னன்.

போட்டி என்றால் வேறு கணக்கு. நுழைவுக் கட்டணம் கட்டினால் வில்லைகள் தருவார்கள். வில்லை தீர்ந்தால் வீட்டுக்கு நடை. நேரம் ஆக ஆகக் கட்டாயப் பந்தயம் ஏறிக்கொண்டே போகும். சும்மா உட்கார்ந்திருந்தாலும் வில்லை கரையும். நூறு பேர் உட்கார்ந்தால் பத்துப் பதினைந்து பேருக்குத்தான் பரிசு. மற்றவர்கள் கட்டணத்தைத் தொலைத்துவிட்டு எழுந்து போக வேண்டியதுதான்.

இந்தப் போட்டிகளில் பெரியது "உலகப் போக்கர் தொடர்". 1970-ல் லாஸ் வேகாசில் பைனியன்ஸ் ஹார்ஸ்ஷூ என்ற விடுதியில் ஆரம்பித்தது.

1980-ம் ஆண்டு அங்கர் அதன் முக்கியப் போட்டியில் 10 ஆயிரம் டாலர் கட்டி உட்கார்ந்தார். இந்த வகைப் போக்கர் அவருக்குப் புதுசு. மொத்தம் 73 பேர். கடைசியில் எதிரே இருந்தவர் டாய்ல் பிரன்சன். 1976, 1977 இரண்டு வருடமும் சாம்பியனான பழம் தின்னு கொட்டை போட்ட ஆள்.

அங்கர் ஜெயித்தார். பரிசு 3 லட்சத்து 65 ஆயிரம் டாலர். அன்றைய கணக்கில் நம் பணம் சுமார் 29 லட்சம் ரூபாய். அப்போது அவருக்கு வயது 26. மறு வருடம் 1981-லும் அவரே சாம்பியன்.

ஒரே ஒரு 3

ரம்மி ஆடுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்கவும்.

1980 கடைசி ஆட்டத்தில் அங்கர் கையில் 5, 4. பிரன்சன் கையில் ஆஸ், 7. நடுவில் விழுந்த 3 சீட்டு: ஆஸ், 7, 2. பிரன்சனுக்கு இரண்டு ஜோடி சேர்ந்துவிட்டது. அங்கருக்கு வரிசை சேர வேண்டுமானால் இடையில் ஒரே ஒரு 3 வேண்டும்.

அடுத்த சீட்டு 3 விழுந்தது. ஆஸ்-2-3-4-5. பட்டம் அங்கருக்கு!

அவர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தால் என்ன, அந்த 3-ஐ அவர் வரவழைக்கவில்லை. அதுவாக வந்தது.

ஓட்டைப் பானை

சீட்டு மேஜையில் இத்தனை கணக்குப் போட்டவருக்கு, மேஜையை விட்டு எழுந்தால் கணக்கே கிடையாது.

அவர் பாங்கியில் கணக்கு வைத்துக்கொண்டதே இல்லை. பணத்தை விடுதிப் பெட்டகங்களில் போட்டு வைப்பார். குதிரை ஓடினாலும் பந்தயம், பந்து உருண்டாலும் பந்தயம். கோல்ப் பழகப் போன முதல் நாளே பந்தயம் கட்டி, பல ஆயிரம் டாலரை விட்டுவிட்டுத் திரும்பினார். போக்கரில் வந்த பணம் எல்லாம் இப்படி வேறு வழியில் போனது.

ஒரு தடவை அட்லாண்டிக் சிட்டியில், மோசடி செய்ததாகச் சொல்லி 500 டாலர் அபராதம் போட்டார்கள். "நான் திருடன் இல்லை" என்று கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தார். 500 டாலர் அபராதத்தை நீக்க ஆன செலவு 50 ஆயிரம் டாலர் என்கிறார்கள். மனுசன் ரோசக்காரர்தான். அதில் எனக்கு அவரைப் பிடிக்கும்.

இதற்கு மேல் கொக்கைன் போதைப் பழக்கம் வேறு. குடும்பம் பிரிந்தது.

1990-ல் நடந்தது சினிமாவில் காட்டினால்கூட நம்ப மாட்டார்கள். உலகப் போட்டியில் வில்லைகளைக் குவித்து வைத்திருந்த அங்கர், 3-வது நாள் மேஜைக்கு வரவில்லை. விடுதி அறையில் நினைவு இல்லாமல் கிடந்தார். காலி நாற்காலி முன்னால் அவருடைய வில்லைகள் கட்டாயப் பந்தயமாகக் கரைந்துகொண்டே இருந்தன. அப்படியும் அவருக்கு 9-வது இடம் கிடைத்தது!

வாரத்துக்கு விட்டவர்

1997-ல் அங்கரிடம் கட்டணம் கட்ட 10 ஆயிரம் டாலர் இல்லை. பில்லி பாக்ஸ்டர் என்ற நண்பர் கடைசி நேரத்தில் பணம் கட்டினார்.

நம் ஊரில் வாரத்துக்கு நிலம் விடுவது மாதிரிதான். நிலம் ஒருவருடையது, உழைப்பு ஒருவருடையது, மகசூல் ஆளுக்குப் பாதி. போக்கர் தொழிலில் இது சர்வசாதாரணம்.

போதைமருந்து அரித்த மூக்கை மறைக்க நீலக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார் அங்கர். பர்சில் மகள் படம். 312 பேர் ஆடிய போட்டி. இறுதி ஆட்டத்தை வெயிலில், நடுத்தெருவில் மேஜை போட்டு நடத்தினார்கள்.

கடைசி ஆட்டத்தில் அங்கருக்கு ஆஸ், 4. எதிராளி ஜான் ஸ்டிரெம்புக்கு ஆஸ், 8. நடுவில் ஆஸ், 5, 3. அப்புறம் இன்னொரு 3. அது வரைக்கும் 8 வைத்திருந்த ஸ்டிரெம்ப் முன்னால் இருந்தார். கடைசிச் சீட்டு திரும்பியது. அது 2!

மறுபடியும் அதே ஆஸ்-2-3-4-5. 16 வருடம் கழித்து மீண்டும் உலக சாம்பியன். பரிசு 10 லட்சம் டாலர். பாதி பாக்ஸ்டருக்கு. அங்கர் பங்கு 5 லட்சம் டாலர். சில மாதத்தில் அந்தப் பணமும் பந்தயத்திலும் போதையிலும் தீர்ந்துபோனது.

45 கோடி கணக்கு

இப்போது நம் இளவட்டங்கள் சொல்லும் 45 கோடிக்கு வருவோம்.

அது உண்மைதான். பெங்களூரைச் சேர்ந்த சந்தோஷ் சுவர்ணா 2024 ஜூன் மாதம் லாஸ் வேகாசில் அதே உலகத் தொடரின் ஒரு போட்டியில் ஜெயித்தார். பரிசு 54 லட்சத்து 15 ஆயிரம் டாலர். ஏறத்தாழ ரூ.45 கோடி. அதற்கு முந்தின வருடம் ஐரோப்பாவிலும் ஒரு பட்டம் வாங்கியவர்.

அவருக்கு முன்னாலும் நம் நாட்டவர்கள் ஜெயித்திருக்கிறார்கள். 2017-ல் நிபுண் ஜாவா, ஆதித்ய சுஷாந்த் ஜோடி. 2018-ல் நிகிதா லூதர். இந்தப் பட்டம் வாங்கிய முதல் இந்தியப் பெண். 2019-ல் அபினவ் ஐயர். எல்லாரும் கெட்டிக்காரர்கள். அதில் எனக்கு மறுப்பு இல்லை.

ஆனால் அந்த 45 கோடிப் போட்டியின் நுழைவுக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? இரண்டரை லட்சம் டாலர். 2 கோடி ரூபாய்க்கு மேல்! அன்று அப்படிக் கட்டிய சீட்டுகள் 75. அந்த 75 கட்டணமும் சேர்ந்த பணத்தில் இருந்துதான் பரிசு. 45 கோடி வானத்தில் இருந்து விழவில்லை. தோற்றவர்கள் கட்டிய பணம் அது. தோற்றவர் பெயரை எந்தப் பத்திரிகையும் போடுவது இல்லை. நாங்களும் போடவில்லை.

வரியையும் பாருங்கள். அமெரிக்காவில் ஜெயித்த இந்தியரிடம் 30 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். 45 கோடி என்றால் 13 கோடிக்கு மேல் அங்கேயே போச்சு. நம் நாட்டிலும் சீட்டில் ஜெயித்த பணத்துக்கு 30 சதவீத வரி. ஏலக்காய் வியாபாரி என்றால் நஷ்டத்தைக் கழித்துக்கொண்டு லாபத்துக்கு வரி கட்டலாம். சீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. 9 நாள் தோற்று ஒரு நாள் ஜெயித்தாலும் அந்த ஒரு நாளுக்கு வரி.

இதை எல்லாம் தாக்குப்பிடிக்கிற தொழில்முறை ஆட்டக்காரர்கள் கணக்கு நோட்டு போட்டு ஆடுகிறவர்கள். முதலில் ஒரு சிறு பங்குக்கு மேல் ஒரு போட்டியில் இறக்க மாட்டார்கள். பங்காளிகளைச் சேர்த்துக்கொள்வார்கள். ராத்திரி 2 மணிக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டு, விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று செல்போனைத் தட்டுகிற ஆட்டம் வேறு. நானே ஒரு தடவை 500 ரூபாய் போட்டு அப்படித் தட்டியவன்தான். 500 ரூபாய் போக எடுத்த நேரம், ஒரு டீ குடிக்கும் நேரம்கூட இல்லை.

கோர்ட்டு சொன்னது என்ன?

சரி, "கோர்ட்டே சொல்லிருச்சு" என்கிறார்களே, அது என்ன?

1967-ல் செகந்திராபாத்தில் ஒரு கிளப் மீது வந்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. விழுந்த சீட்டை ஞாபகம் வைத்து, எதை வைப்பது எதைக் கழிப்பது என்று யோசிக்க வேண்டி இருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம். மூணு சீட்டு அப்படி இல்லை என்றது.

அதோடு கோர்ட்டு நிற்கவில்லை. ஆட்டத்தை நடத்துகிறவர் அதில் லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. மோட்டார் ரூமில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பங்கு எடுக்கிறவர்கள் இந்த வரியை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

செல்போன் ரம்மி வந்த பிறகு நிலைமை முற்றியது. பணத்தைத் தொலைத்தவர்களின் தற்கொலைச் செய்திகள் வர ஆரம்பித்தன. ஆன்லைன் ரம்மியைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும் என்று 2020 ஜூலையில் ஐகோர்ட்டு மதுரைக் கிளை சொன்னது. அந்த ஆண்டு நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டம் போட்டது. 2021 ஆகஸ்டில் சென்னை ஐகோர்ட்டு அந்தத் தடையை ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழு அறிக்கை வாங்கி, 2023 ஏப்ரலில் புதுச் சட்டம் வந்தது. அந்த நவம்பரிலேயே, சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்பதால் அவற்றுக்குத் தடை செல்லாது என்று ஐகோர்ட்டு சொன்னது. பிறகு நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆடக்கூடாது என்று அரசு கட்டுப்பாடு கொண்டு வர, 2025 ஜூனில் ஐகோர்ட்டு அதை ஏற்றது.

கடைசியாக மத்திய அரசு ஒரே போடாகப் போட்டது. 2025 ஆகஸ்டு 22-ந்தேதி ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்த சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது என்கிறது. திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்ற கேள்வியே அதில் இல்லை. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை ஜெயில், ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடியவருக்குத் தண்டனை இல்லை. பெரிய கம்பெனிகள் உடனே பண ஆட்டத்தை நிறுத்தின. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது.

மோட்டார் ரூமுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே பழைய 1930-ம் ஆண்டு சூதாட்டச் சட்டம்தான்.

கடைசி ராத்திரி

திறமை, திறமை என்று இத்தனை கோர்ட்டில் பேசப்பட்டதே, அந்தத் திறமையின் மொத்த உருவமாக இருந்த அங்கரின் கடைசி நாட்களைச் சொல்லி முடிக்கிறேன்.

1998 உலகப் போட்டிக்கும் பணம் கட்ட பாக்ஸ்டர் தயாராக இருந்தார். ஆட்டம் தொடங்கச் சில நிமிடம் இருக்கும்போது, "என்னால் முடியாது" என்று அங்கர் விலகிவிட்டார். அதே விடுதியில் மேலே ஓர் அறையில் இருந்துகொண்டு, கீழே இறங்கி வரவே இல்லை.

நவம்பர் 20-ந்தேதி லாஸ் வேகாசில் ஓயசிஸ் என்ற மலிவான லாட்ஜில் அறை எடுத்தார். ஒரு நாள் வாடகை 48 டாலர். 22-ந்தேதி அறையைத் திறந்து பார்த்தபோது படுக்கையில் இறந்து கிடந்தார். ரத்தத்தில் போதைமருந்து இருந்தது. ஆனால் ஆளைக் கொல்லும் அளவுக்கு இல்லை. பல வருடப் பழக்கத்தில் இதயம் கெட்டுப்போய் நின்றுவிட்டது என்று பிரேத பரிசோதனையில் தெரிந்தது.

சொத்து என்று ஒன்றும் இல்லை. அடக்கம் செய்யக்கூடப் பணம் இல்லை.

சவ அடக்கத்துக்கு வந்தவர்களிடம் ஒருவர் செலவுக்குப் பணம் வசூல் செய்தார். 1977-ல் லட்சம் டாலர் பந்தயத்தில் அங்கரிடம் தோற்றாரே, அதே பாப் ஸ்டூபாக்.